முதலில் தாளைக் கேளுங்கள், பிறகு தள்ளுபடியைக் கேளுங்கள்

கார் வாங்குவோருக்கான வாசகர் கேள்வி – பதில்

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள கார் ஷோரூம்களில் 19 ஆண்டுகள் பில்லிங் மேசையில் உட்கார்ந்திருந்தேன். விற்பனைப் பிரதிநிதி உங்களிடம் நீட்டுகிற கொட்டேஷனை அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. அந்தத் தாளில் எந்தத் தொகை அரசாங்கத்துக்குப் போகிறது, எந்தத் தொகை டீலரிடமே தங்குகிறது என்பது எனக்கு மனப்பாடம். வேலையை விட்ட பிறகு அதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கடனில் ஒரு பெட்ரோல் கார் வாங்கப் போகிறேன். கொட்டேஷனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எக்ஸ் ஷோரூம் விலை 8,49,000, வரி மற்றும் பதிவு 1,21,500, இன்ஷூரன்ஸ் 47,800, கூடுதல் வாரண்டி 16,900, அத்தியாவசிய கிட் 14,500, ஹேண்ட்லிங் சார்ஜ் 7,500, செராமிக் பூச்சு 12,000, ஃபாஸ்டேக் 600. மொத்தம் 10,69,800. தள்ளுபடி 15,000 போக 10,54,800 என்கிறார்கள். இன்னும் பத்தாயிரம் குறைத்துக் கேட்டால் கொடுப்பார்களா?
– வாசகர், திண்டுக்கல்

கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் கேட்காதீர்கள் என்கிறேன். பத்தாயிரம் குறைத்ததும் உங்களுக்கு மனம் நிறைந்துவிடும், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்வீர்கள். தாளில் உள்ள மற்றத் தொகைகளை யாரும் தொட மாட்டார்கள். மொத்தத் தொகையின் மேல் பேரம் பேசுகிறவரை எந்த ஷோரூமுக்கும் பிடிக்கும். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து "இது எதற்கு?" என்று கேட்கிறவரிடம்தான் மேனேஜரே எழுந்து வந்து பேசுவார்.

உங்கள் தாளையே எடுத்துக்கொள்வோம். எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது சாலை வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் சேராத விலை, நிறுவனம் வைப்பது. நிறுவனத்தின் இணையதளத்தில் அதே மாடல், அதே வேரியண்ட், அதே நிறத்துக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்குள்ளும் 1200 சி.சி.க்குள்ளும் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். முன்பு 28 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தது. அந்தக் குறைப்பு பட்டியல் விலைக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்லி "உங்களுக்காகக் குறைத்தோம்" என்றால் ஏற்காதீர்கள்.

அடுத்தது வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால வரி மாறியது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. உங்கள் காருக்கு 13 சதவீதம் என்றால் 1,10,370 ரூபாய். தாளில் 1,21,500 இருக்கிறது. இடையில் 11,130 ரூபாய் நிற்கிறது. காரைப் பதிவுசெய்ய 600, கடன் கொடுத்த வங்கியின் பெயரை ஆர்.சி.யில் ஏற்ற 1,500, ஆர்.சி. அட்டைக்கு 200. சில்லறைக் கட்டணங்களை எல்லாம் சேர்த்தாலும் பதினொன்றாயிரம் வராது. "ஆர்.டி.ஓ. செலவு" என்று பொதுவாகச் சொல்வார்கள். அரசுக்குக் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டு. அந்த ரசீதில் இருக்கும் தொகையைத்தான் தருவேன் என்று நிதானமாகச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, ரசீது கேட்டவரிடம் அந்தத் தொகை உடனே சுருங்கியிருக்கிறது.

இன்ஷூரன்ஸ்தான் உங்கள் தாளின் மிகப் பெரிய சந்தேகம். ஷோரூமில்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நம் கார் மற்றவருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டைப் புதிய காருக்கு மூன்றாண்டுக்கு எடுப்பது 2018 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் வந்தது. அதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு மூன்றாண்டுக்கும் சேர்த்து 10,640 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். இது எந்தக் கம்பெனியிலும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் சொந்தச் சேதக் காப்பீட்டில் இருக்கிறது. அங்கேதான் கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன, அங்கேதான் டீலருக்கு வருமானமும் இருக்கிறது. வெளியில் இரண்டு இடங்களில் மதிப்பீடு வாங்குங்கள். ஆனால் ஐ.டி.வி. என்கிற காப்பீட்டு மதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். புதிய காருக்கு அது ஷோரூம் விலையில் 95 சதவீதம். உங்கள் காருக்கு ஏறத்தாழ 8,06,000. சிலர் ஐ.டி.வி.யை ஏழு லட்சமாக இறக்கி பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். கார் திருடு போனால் அந்த ஏழு லட்சம்தான் உங்கள் கைக்கு வரும். பம்பர் டு பம்பர் என்று நாம் சொல்லும் தேய்மானம் கழிக்காத பாலிசியா என்பதையும் சேர்த்து ஒப்பிடுங்கள்.

வெளியில் வாங்கிய மதிப்பீட்டை ஷோரூமில் காட்டி, "இதே தொகைக்குத் தந்தால் உங்களிடமே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள். "வெளியில் எடுத்தால் எங்கள் பட்டறையில் பணம் கட்டாமல் பழுது பார்க்க முடியாது" என்று பயமுறுத்தினால், அந்தக் காப்பீட்டுக் கம்பெனியிடமே பட்டறைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

கூடுதல் வாரண்டி நல்ல பொருள்தான், குறிப்பாக ஆட்டோமேட்டிக் காருக்கு. ஆனால் பெரும்பாலான நிறுவனங்களில் அசல் வாரண்டி முடிவதற்குள் அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். தாமதித்தால் விலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கார் வாங்குகிற நாளில் கை இறுக்கமாக இருந்தால் இதைத் தள்ளிவையுங்கள். செராமிக் பூச்சைப் புதிய காருக்கு அன்றே போட்டாக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கிட் என்பது மிதியடி, மண்தடுப்பு, ஸ்டியரிங் உறை வகையறா. கோவை உக்கடத்திலோ உங்கள் ஊர் கார் உதிரிபாகக் கடையிலோ விசாரித்தால் விலை வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஹேண்ட்லிங் சார்ஜைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மகனுக்குக் கார். அம்மா தன் கைக்குட்டையால் மேசை மேல் இருந்த தண்ணீர்த் துளியைத் துடைத்துவிட்டுத்தான் தாளை விரித்தார். பெரியவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஆறாவது வரியில் விரல் நின்றது. "இது என்னம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற பிரதிநிதி என் முகத்தைப் பார்த்தார். "எல்லாருக்கும் உண்டு ஐயா" என்றேன். "நீ சொன்னால் சரிம்மா" என்று கையெழுத்துப் போட்டார். அந்தத் தொகை அரசுக்கும் போகவில்லை, கார்க் கம்பெனிக்கும் போகவில்லை. காரை யார்டிலிருந்து கொண்டுவந்து, கழுவித் துடைத்து, ஒப்படைப்பது டீலரின் வேலை. அதற்குத்தான் நிறுவனம் அவருக்கு விற்பனை லாபம் தருகிறது. அந்தப் பெரியவரின் விரல் நின்ற இடம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். நீங்கள் அந்த வரியை அடித்துத் தரச் சொல்லுங்கள்.

கிட், ஹேண்ட்லிங், பூச்சு மூன்றும் போனால் 34,000 ரூபாய். இவ்வளவையும் செய்துவிட்டு, கடைசியில் தள்ளுபடிக்கு வாருங்கள். "இந்த மாத நிறுவனச் சலுகை எவ்வளவு, கார்ப்பரேட் சலுகை உண்டா, உங்கள் பங்காக எவ்வளவு தருகிறீர்கள்?" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். 15,000 என்பது நிறுவனம் எல்லாருக்கும் தருகிற தொகையாகவே இருக்கலாம். அப்படியானால் டீலர் இன்னும் தன் பையில் கையே விடவில்லை.

கேள்வி: பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். என் சம்பாத்தியத்தில் முதல் கார் வாங்கத் தனியாக ஷோரூமுக்குப் போனேன். "வீட்டில் பெரியவர்கள் யாராவது வருவார்களா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டார்கள். அப்பாவை அழைத்துப் போனால்தான் விலை பேச முடியுமா அக்கா?
– வாசகி, திருப்பூர்

வேண்டாம் தங்கையே. அப்பாவை டெலிவரி அன்று அழைத்துப் போங்கள். அவர் கையால் சாவி வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேச நீங்கள் போதும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஒரு துணிக்குச் சென்ட் கணக்கில் விலை பேசுகிற உங்களுக்கு இது புதிய வேலையே இல்லை.

முதல் வேலையாக, ஷோரூமில் உட்கார்ந்து பேசுவதை விட்டுவிடுங்கள். திருப்பூர், கோவை, ஈரோடு என மூன்று டீலர்களிடம் ஒரே மாடல், ஒரே வேரியண்ட், ஒரே நிறத்துக்கு மின்னஞ்சலில் கொட்டேஷன் கேளுங்கள். வரி வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். எந்த ஊரில் வாங்கினாலும் உங்கள் திருப்பூர் முகவரியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். எழுத்தில் வந்த விலைக்கு இருக்கும் மதிப்பு வாய்ச்சொல்லுக்கு இல்லை. மூன்றில் குறைந்ததை மற்ற இருவருக்கும் அனுப்புங்கள். முகம் பார்க்காத பேச்சில் நீங்கள் பெண்ணா, தனியாக வந்தவரா என்ற கேள்விக்கே இடமில்லை.

பிறகு நேரில் போகும்போது ஒரு காட்சி நடக்கும், தயாராக இருங்கள். என் மேசையிலிருந்து மேனேஜரின் கண்ணாடி அறை நேராகத் தெரியும். "உங்களுக்காக மேனேஜரிடம் பேசிவிட்டு வருகிறேன்" என்று பிரதிநிதி கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். அந்த மாடலுக்கு எவ்வளவு வரை இறங்கலாம் என்பது அன்று காலைக் கூட்டத்திலேயே அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும். உள்ளே ஐந்து நிமிடம் வேறு வாடிக்கையாளரின் டெலிவரியைப் பற்றிப் பேசுவார்கள். வெளியே வரும்போது நடை மெதுவாகும். "ரொம்பப் போராடி இன்னொரு ஐயாயிரம் வாங்கியிருக்கிறேன் மேடம்" என்பார். அந்த நேரத்தில் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தாளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தில் இரண்டாவது ஐயாயிரம் வந்ததை நான் பலமுறை அச்சடித்திருக்கிறேன்.

"இன்றைக்குள் புக் செய்தால் மட்டும்தான் இந்த விலை" என்றால், தேதியைப் பாருங்கள். நிறுவனச் சலுகைகள் பொதுவாக மாதக் கணக்கில் ஓடுகின்றன. பன்னிரண்டாம் தேதி சொன்ன விலைக்கு முப்பதாம் தேதி வரை உயிர் இருக்கும். மாதக் கடைசியில் இலக்குக்கு இரண்டு கார் குறைகிறது என்றால் இன்னும் நல்ல விலையே வரும்.

இன்னொன்று, மாதம் எவ்வளவு தவணை கட்ட முடியும் என்று எக்காரணம் கொண்டும் முதலில் சொல்லாதீர்கள். "பதினைந்தாயிரம்" என்று நீங்கள் சொன்னால், அந்தப் பதினைந்தாயிரத்துக்குள் கிட், பூச்சு, வாரண்டி எல்லாவற்றையும் அடக்கி, தவணைக் காலத்தை நீட்டிவிடுவார்கள். வட்டியையும் கேட்டுத் தெளிவு பெறுங்கள். 7 லட்சம் கடன், 5 ஆண்டு, "6 சதவீதம்தான்" என்றால் இனிப்பாக இருக்கும். அது ஃபிளாட் வட்டியாக இருந்தால், கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டி முழு 7 லட்சத்துக்கும் ஓடுகிறது. ஆண்டுக்கு 42,000 வீதம் 2,10,000 வட்டி. மாதம் 15,167 ரூபாய். வங்கிகள் வழக்கமாகச் சொல்லும் குறையும் அசல் கணக்கில் இது கிட்டத்தட்ட 10.8 சதவீதம். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் முதலில் கேட்டு ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வேரியண்ட் குறித்திருக்கிறீர்கள், ஒன்று 9,98,000, மற்றொன்று 10,05,000. ஷோரூமில் "ஏழாயிரம்தான் மேடம் கூடுதல்" என்று சொல்வார்கள். வரியைச் சேர்த்துப் பாருங்கள். முதலாவதற்கு 13 சதவீதம், 1,29,740. இரண்டாவதற்கு 18 சதவீதம், 1,80,900. ஏழாயிரம் ஐம்பத்தெட்டாயிரமாகிவிட்டது. 10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு டி.சி.எஸ். என்று, விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரியாக 1 சதவீதமும் பிடிப்பார்கள். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகும், படிவம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஐம்பத்தோராயிரம் வரி திரும்பி வராது. அந்தப் பணத்துக்கு இரண்டாவது வேரியண்ட்டில் என்ன கூடுதலாக இருக்கிறது என்று எழுதிப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: ஆடியில் வாங்கினால் தள்ளுபடி அதிகம் என்கிறார்கள், என் மனைவி வேண்டாம் என்கிறாள். ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். அவசரமில்லை. எந்த மாதம் நல்லது?
– வாசகர், தஞ்சாவூர்

ஐயா, இருவர் பேச்சையும் காப்பாற்ற வழி இருக்கிறது. ஆடியில் நம் ஊரில் கார் எடுக்கத் தயங்குகிறார்கள் என்பதால் சலுகை கூடுவது உண்மை. ஆவணி வந்து ஓணம், விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை என்று வரிசை கட்டினால் கூட்டம் கூடும். நன்றாக ஓடுகிற மாடல்களுக்குப் பேரமே எடுபடாது. ஆடியின் கடைசி வாரத்தில் பேசி, விலையை எழுத்தில் வாங்கி, புக்கிங் தொகை கட்டிவிடுங்கள். டெலிவரியை ஆவணியில் நல்ல நாளில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சலுகை பெரும்பாலும் கார் பில் போடும் மாதத்தைப் பொறுத்தது. "ஆவணியில் பில் போட்டாலும் இதே விலை" என்று ஷோரூம் முத்திரையோடு எழுதி வாங்குங்கள், அல்லது பில்லை ஆடியிலேயே போட்டுவிட்டு வண்டியைப் பிறகு எடுங்கள்.

ஆடியைவிட எனக்குப் பிடித்தது மார்கழி. மார்கழியின் முதல் பாதி டிசம்பரில் விழுகிறது. ஒரு பக்கம் நம் மக்கள் நல்ல காரியம் செய்யாத மாதம். மறுபக்கம் ஆண்டு முடிவதற்குள் அந்த வருடத் தயாரிப்பை யார்டிலிருந்து காலி செய்தாக வேண்டிய நெருக்கடி. இரண்டும் ஒன்றாக வருவதால் பெரிய சலுகைகள் அப்போதுதான் கிடைக்கின்றன. அதற்கு ஒரு விலையும் உண்டு. டிசம்பரில் வாங்கும் கார் ஜனவரியில் "போன வருட வண்டி" ஆகிவிடும். மூன்று நாலு வருடத்தில் விற்பவருக்கு அது நஷ்டம். உங்களைப் போல் பத்து வருடம் வைத்துக்கொள்பவருக்குப் பெரிதில்லை.

ஆனால் எப்போது தயாரித்த வண்டி என்பது தெரிந்துதான் வாங்க வேண்டும். ஜனவரியில் போய், போன மார்ச்சில் செய்த காரைப் புதிய விலைக்கு வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சேஸி எண்ணில் 17 எழுத்துகள் இருக்கும். தயாரித்த மாதமும் ஆண்டும் அதில் குறியீடாக இருக்கிறது. எந்த இடத்தில் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டால் சொல்வார்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-இலும் தயாரித்த மாதம், ஆண்டு எழுதப்பட்டிருக்கும். பணம் முழுவதையும் கட்டுவதற்கு முன், பதிவு செய்வதற்கு முன், காரைப் பகல் வெளிச்சத்தில் யார்டிலேயே பாருங்கள். டயரின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் நான்கு இலக்கம் தெரியும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். நான்கு டயரோடு ஸ்டெப்னியையும் பாருங்கள். கதவின் பெயிண்டை எதிர்வெயிலில் சாய்ந்து பாருங்கள். திருப்பிப் பூசிய இடம் அலை அலையாகத் தெரியும். பதிவு எண் விழுந்துவிட்டால் பிறகு காரைத் திருப்பிக் கொடுப்பது மிகவும் கடினம். உங்களிடம் நேரம் இருக்கிறது ஐயா, ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் பதிவு செய்தால் வரியில் பெரிய தொகை மிச்சமாகும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், விழுப்புரம்

நீங்கள் அங்கே குடியிருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். குடியிருக்காமல் யாரோ ஒருவரின் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிப் பதிவு செய்வது பொய் ஆவணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்தில் புதிய பதிவு எண் வாங்க வேண்டும். அப்போது தமிழ்நாட்டின் வரியையும் கட்ட வேண்டிவரும். விழுப்புரத்தில் ஓட்டப் போகும் வண்டியை விழுப்புரத்திலேயே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: என் பழைய காருக்கு ஷோரூமில் 1,90,000 மதிப்புப் போட்டு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000 தருகிறார்கள். வெளியில் ஒருவர் 2,30,000-க்குக் கேட்கிறார். எது லாபம்?
– வாசகி, விருதுநகர்

கணக்குப்படி வெளியில் 15,000 கூடுதல். அதற்குள் முடிவெடுக்காதீர்கள். புதிய காரின் விலையை, பழைய கார் இருப்பதையே சொல்லாமல் பேசி முடித்தீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். பழைய வண்டிக்கு விலையை ஏற்றிக் காட்டி, புதிய வண்டியின் தள்ளுபடியில் அதைக் கழித்துக்கொள்வது அன்றாடம் நடப்பது. இரண்டும் ஒரே தாளில் கலந்துவிட்டால் எது எங்கே போனது என்று என்னைப் போல் பில் போட்டவருக்கே கண்டுபிடிக்கச் சிரமம். சில நிறுவனங்களில் பழைய காரை வெளியில் விற்றாலும், பெயர் மாற்றிய ஆர்.சி. நகலைக் கொடுத்தால் போனஸ் தருகிறார்கள். அதைக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் உங்களுக்கு 2,55,000.

வெளியில் விற்பதானால் பெயர் மாற்றம் முடியும் வரை நிம்மதியாக இருக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் கையெழுத்தைப் பெற்று, நகல் வைத்து, பெயர் மாறியதை இணையத்தில் நீங்களே பார்த்து உறுதிசெய்யுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஆறு வருடமாகக் காப்பீட்டில் எதுவும் கோரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே உங்களுக்குப் பதில் எழுத வேண்டும் என்று எடுத்துவைத்தேன். ஐந்து வருடம் கோராதவருக்கு 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ். அது காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழைய காரை விற்றதும் காப்பீட்டுக் கம்பெனியில் அதற்கான சான்றிதழ் வாங்கி, புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். ஷோரூமில் அவர்களாகக் கேட்க மாட்டார்கள். பிரீமியம் குறைந்தால் அவர்களுடைய வருமானமும் குறைகிறது.

கேள்வி: புக்கிங் தொகை 25,000-ஐத் தன் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார் பிரதிநிதி. அனுப்பலாமா?
– வாசகர், கரூர்

கூடாது. நல்ல பையனாகவே இருக்கட்டும், ஷோரூமின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், அன்றே ரசீது வாங்குங்கள். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்புவார்கள் என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். மொத்தத் தொகையை ரொக்கமாகக் கட்டும் எண்ணமும் வேண்டாம். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2017 முதல் வருமான வரிச் சட்டம் தடை விதித்திருக்கிறது.

கேள்வி: நான் ஒரு ஷோரூமில் விற்பனைப் பிரதிநிதி. உங்கள் பதில்களை வெட்டி எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். கிட்டும் இன்ஷூரன்ஸும் விற்றால்தான் எங்களுக்கு ஊக்கத்தொகை. எங்கள் வயிற்றில் அடிப்பது நியாயமா அக்கா?
– வாசகர், சேலம்

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஒரு காருக்கு இத்தனை ரூபாய், அதில் கடன் சேர்ந்தால் இத்தனை, இன்ஷூரன்ஸ் சேர்ந்தால் இத்தனை என்று மாதக் கடைசியில் உங்களைப் போன்றவர்களின் கணக்கை நான்தான் அச்சடித்தேன். கிட் விற்காத மாதத்தில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முன்பணம் கேட்டு நின்றவர்கள் என் கண்ணில் நிற்கிறார்கள். அதனால்தான் வாசகர்களிடம் எப்போதும் ஒன்று சொல்கிறேன்: பிரதிநிதியை மரியாதையாக நடத்துங்கள், குரலை உயர்த்தாதீர்கள், கேட்க வேண்டிய இடம் மேனேஜரின் அறை.

நெருக்கடி உங்களுக்கு மேலேயிருந்து வருகிறது என்பதும் தெரியும். டீலருக்கே தன் விருப்பப்படி விலை குறைக்கும் சுதந்திரம் எல்லா நேரத்திலும் இருந்ததில்லை. மாருதி சுஸுகி நிறுவனம் தான் அனுமதித்ததற்கு மேல் தள்ளுபடி கொடுத்த டீலர்கள் மீதும் அவர்களின் ஊழியர்கள் மீதும் அபராதம் போட்டது, வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பிச் சோதித்தது என்று கண்டறிந்து, 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குச் சென்றது. அந்த உத்தரவைப் படித்தபோது, தள்ளுபடி கேட்டவரிடம் "முடியாது" என்று சொல்லி, மிதியடியை இலவசமாகக் கொடுத்தனுப்பிய எத்தனையோ பிரதிநிதிகளின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

கிட் விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தேவைப்படுகிறவருக்கு, விலையைச் சொல்லி, அவர் சம்மதத்தோடு விற்றால் அது உங்கள் உழைப்பு; அதற்கு ஊக்கத்தொகை வாங்குங்கள், எனக்கு மகிழ்ச்சி. கேட்காதவரின் தாளில் அது ஏற்கனவே அச்சாகி இருக்கக் கூடாது என்பதுதான் என் வழக்கு.

உங்களால் ஒன்று செய்ய முடியும். கிட், பூச்சு, கூடுதல் வாரண்டி என நான்கைந்து வரிகளுக்கு எதிரில் "விருப்பப்பட்டால்" என்ற சொல்லை அச்சடிக்கும்படி உங்கள் பில்லிங் மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். கணினியில் அரை நிமிட வேலை. நான் 19 வருடம் அந்த நாற்காலியில் இருந்தும் அதைச் செய்யவில்லை. அவர் செய்தால் எனக்கு எழுதுங்கள்; அன்னூர்ப் பெரியவரின் முகவரி என் பழைய நோட்டில் இருக்கிறது, அந்தத் தாளின் நகலை அவருக்கு அனுப்பி வைக்கிறேன்.